இன்ஜினின் இடது பாதி

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் தோள்வலி குறைந்ததா? அத்தான் சர்க்கரையைக் குறைத்துவிட்டாரா, அல்லது குறைக்கப் போவதாகச் சொல்வதை மட்டும் அதிகப்படுத்தியிருக்கிறாரா?

நீ அனுப்பிய இரண்டு பேரிங்குகளும் வந்து சேர்ந்தன. அளவு மிகச் சரி. ஆனால் என் பழைய மோட்டார் சைக்கிளின் நோய் தீரவில்லை. இன்ஜினின் அடிவயிறு வலது, இடது என்று இரண்டு அலுமினியப் பாதிகளால் ஆனது. நடுவில் கிராங்க் என்கிற கனத்த சக்கரம் சுற்ற வேண்டும். போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்தால் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. இறுக்கினால் கல்லாகிவிடுகிறது.

நேற்றுதான் காரணம் தெரிந்தது. இரண்டு பாதிகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் செட்டுக்கு மெருகு போடுகிற தூரிகையால் அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். அழுக்குக்கு அடியில் எண்கள் இருந்தன. வலது பாதியில் 4173. அது என் வண்டியின் எண். இடது பாதியில் 4219.

தொழிற்சாலையில் இரண்டு பாதிகளையும் சேர்த்து இறுக்கிய பிறகுதான் பேரிங் துளைகளை ஒரே ஓட்டமாகக் குடைவார்கள். அதனால் ஒரு பாதி தன் ஜோடியோடு மட்டுமே சேரும். இந்த வண்டி ஏதோ ஓர் இலாகாவில் ஓடி ஏலத்துக்கு வந்தது. அவர்கள் பட்டறையில் இரண்டு இன்ஜின்களை ஒன்றாகப் பிரித்து, ஒரே தொட்டியில் கழுவி, மாற்றி மூடியிருக்கிறார்கள். மேல்தாடை ஒருவருடையது, கீழ்த்தாடை இன்னொருவருடையது. பல் செட் செய்கிற எனக்கு இதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

ஆக, என்னுடைய இடது பாதி எங்கோ 4219 என்ற வண்டியின் வயிற்றில் இருக்கிறது. எங்கள் லேத்காரர் வேறு வழி சொன்னார். "ரெண்டு ஓட்டையிலயும் வளையம் எறக்கி, சேத்து இறுக்கி, திரும்ப ஒரே ஓட்டமா கொடஞ்சிடலாம் சார். நல்லா ஓடும். ஆனா நம்பர் சேராது."

எனக்கு நம்பர் சேர வேண்டும். அக்டோபரில் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு பாகமும் பிறந்தபடியே இருந்தால் 'முழு அசல்' என்று ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார்கள். சிரிக்காதே. நாளெல்லாம் பொய்ப்பல் செய்கிறவன் வீட்டில் ஒரு பொருளாவது முழு அசலாக இருக்கட்டும்.

ஏலச் சாமான்களில் பாதி உங்கள் ஊர் பழைய இரும்புத் தெருவுக்குத்தான் வருகின்றன. பஸ் டிப்போ ஸ்டோர் பொறுப்பில் இருக்கிற உனக்கு அங்கே தெரியாத கடை கிடையாது. தேடிப் பார்.

பிரியமுள்ள,
தம்பி

அண்ணி, இவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். மண்ணெண்ணெயில் ஊறியது எங்கள் குளியலறை வாளியில். புது வாளி. – உங்கள் தம்பி மனைவி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். தோள் பரவாயில்லை. உன் அத்தான் சர்க்கரையை விட்டுவிட்டார், வெல்லத்துக்கு மாறிவிட்டார். வாளி விஷயத்தில் நான் அவள் கட்சி.

இரண்டு சனிக்கிழமை இரும்புத் தெருவில் சுற்றினேன். கைப்பிடி இருக்கிறது, முன்விளக்கு இருக்கிறது, பெட்ரோல் டேங்க் எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது. உன் இடது பாதி இல்லை. ஒரு கடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க தேடுறது சாமானா, காணாமப் போன ஆளா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

ஒரு சேதி. டிப்போவுக்குக் காற்றடிக்க ஒரு மாட்டு டாக்டரம்மா வருவார். நாற்பது வயதிருக்கும். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், பின் இருக்கைக்குப் பின்னால் மருந்துப் பெட்டி, பெட்டி மேல் சுருட்டிய கயிறு. அவர் வண்டியும் உன் போட்டோவில் இருக்கிற வண்டி போலவே இருக்கிறது. எனக்கு எல்லாக் கறுப்பு வண்டியும் ஒன்றுதான், அதனால் நம்பாதே. எங்கள் டிப்போ நாயின் சொறியை அவர்தான் குணப்படுத்தினார். பதிலுக்கு மெக்கானிக்குகள் ஆயில் மாற்றிக் கொடுக்கிறார்கள். வண்டிக்குக் 'கிழவன்' என்று பெயர் வைத்திருக்கிறார். "கெழவன் மொணங்குவான், ஆனா நிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மண்ணெண்ணெய்க் கையோடு யார் வாய்க்கும் அச்செடுக்காதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நேரத்தில் ஒரு பெரியவரின் கீழ்வரிசைக்கு மெழுகு வார்த்துக்கொண்டிருந்தேன். படித்த வேகத்தில் கடைவாய்ப் பல்லை முன்வாயில் வைத்துவிட்டேன். மற்றபடி நலம். நீங்கள் நலமா என்பதை அடுத்த வரியில் கேட்கிறேன், முதலில் இது.

அந்த வண்டியை விடாதே. சிலிண்டர் ஒன்றுதானா? வலப்பக்க மூடி முட்டை வடிவமா? எந்த ஏலத்தில் வாங்கியது? எல்லாவற்றுக்கும் மேல், அடிவயிற்றில் என்ன எண்? பஸ்ஸுக்கு அடியில் இறங்கிப் பார்க்கிற பள்ளம் உங்கள் டிப்போவில் இருக்கிறதே, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அதன் மேல் நிறுத்தச் சொல். ஒரு துணியும் டார்ச்சும் போதும். 4219 ஆக இருந்தால் அவர் கேட்கிற எதையும் கொடுத்து அந்தப் பாதியை வாங்கிவிடலாம். மாற்றாக என்னிடம் இருப்பதைக் கொடுப்பேன். அவருக்கும் எண் சேர்ந்துவிடும்!

நீங்கள் இருவரும் நலமா? அத்தானுக்கு வணக்கம்.

அவசரத்துடன்,
தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

நலம். டிப்போவில் கணக்கெடுப்பு நடக்கிறது. நீளமாக எழுத நேரமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் வலது பாதியில் இருக்கிற 4173-இல், ஏழுக்கு நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு உண்டா?

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல்.

உண்டு. குறுக்குக் கோடு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லையே. ஏன் கேட்டாய்?

பதிலை எதிர்பார்த்து,
தம்பி

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபிக்காதே. நாங்கள் நலம். உன் மனைவியின் இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கச் சொல்.

இங்கே நல்ல மழை. நான் ஏறும் பஸ் பாதி நாள் வருவதில்லை. பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவளுக்கே பஸ் இல்லை என்று அத்தான் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். டாக்டரம்மா காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். "ஏறுங்கக்கா" என்றார் ஒருநாள். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இப்போது தினமும் ஏறுகிறேன். ஐம்பத்தாறு வயதில் மோட்டார் சைக்கிள் சவாரி. முதல் இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் பிடியை விட்டுவிட்டு முந்தானையைச் சரி செய்தேன்.

ஊருக்கு வெளியே செங்கல் சூளைகளைத் தாண்டி மண்பாதையில் பதினெட்டுக் கிராமங்கள் அவர் பொறுப்பில். ஜீப் கேட்டுப் பல வருடமாக எழுதிப் போடுகிறாராம். இந்த மூன்று மாதம்தான் அங்கே மாடுகள் கன்று போடும் காலம். ஒருநாள் கூட வண்டி நிற்கவில்லை.

இரும்புத் தெருவில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. வெந்நீருக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

அத்தானின் மேல்வரிசைப் பல் செட் ஆடுகிறது என்று இவளிடம் சொன்னாயாமே, நேரில் வந்து அச்செடுத்துவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன், ஞாயிறு காலை திரும்புவேன். வேறு வேலை எதுவும் இல்லை.

தம்பி

ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மனைவி சொல்லித்தான் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தான் நீ எடுத்த அச்சைப் பற்றி வருவோர் போவோரிடம் எல்லாம் பேசுகிறார். வாயில் பசையை வைத்துப் பத்து நிமிடம் அவரைப் பேசவிடாமல் செய்ததற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை டாக்டரம்மா வந்து நின்றதும், காப்பி கலக்க நான் உள்ளே போன நேரத்தில், நீ வாசலில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாய். கையில் பல் பார்க்கிற கண்ணாடி. நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா குனிந்து கேட்டார்:

"என்னங்க, கெழவனுக்குப் பல்லு ஏதாவது ஆடுதா?"

நீ வெளியே வரவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "இல்லம்மா. கெட்டியா இருக்கு."

ஏப்ரலில் நான் அந்தப் பள்ளத்தில் இறங்கித் துடைத்தபோது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்ததும் அதேதான். வலது பாதியில் 4219. இடது பாதியில் 4173, ஏழுக்குக் குறுக்கே கோடு. உன் எண்தான். அன்றைக்கே உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ மறுநாள் இரண்டு ஸ்பானரோடு வந்து இறங்குவாய். டாக்டரம்மா இளகின மனசு, கேட்டால் கொடுத்துவிடுவார். கன்று போடும் காலத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பதினெட்டுக் கிராமத்துக்கு நடந்து போவார். மாடுகள் எல்லாம் ஈன்று முடியட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதைத் தப்பென்று நினைக்கவில்லை. ஆனால் "இரும்புத் தெருவில் கிடைக்கவில்லை" என்று எழுதினேனே, அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. அது பொய்யில்லை, உண்மையும் இல்லை.

அதற்குள் சூளைப் பக்கத்திலிருந்து ஆள் வந்து, மாடு கஷ்டப்படுகிறது என்றான். டாக்டரம்மா உன்னைப் பார்த்து, "கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும், ஏறுங்க" என்றார். நீயும் ஏறிவிட்டாய். மத்தியானம் சட்டையெல்லாம் சாணியோடு திரும்பி வந்தாய். குளித்தாய், இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய், தூங்கினாய். மறுநாள் பஸ் ஏறும் வரை இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். என்ன செய்யப் போகிறாய்? அந்தப் பாதியை நான் கேட்டு வாங்கித் தரட்டுமா?

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அத்தானின் மேல்வரிசையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் வாரம் கொஞ்சம் கடிக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகும் கடித்தால் எழுதச் சொல். அவரே அரத்தை எடுத்துத் தேய்க்க வேண்டாம்.

ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. சொல்வதற்கு முன் செய்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அன்று வண்டியில் போகும்போதே டாக்டரம்மாவிடம் இன்ஜின் கதையைக் கேட்டேன். ஏலத்தில் வாங்கியபோது கிராங்க் இறுகிப்போய்த்தான் இருந்ததாம். அந்த ஊர் லேத்காரர் ஒருவர் இரண்டு துளைகளிலும் வளையம் இறக்கி, ஒரே ஓட்டமாகக் குடைந்து கொடுத்தாராம். எங்கள் லேத்காரர் சொன்ன அதே வைத்தியம். ஆக, என் இடது பாதி இப்போது பழைய இடது பாதி இல்லை. அதைக் கொண்டுவந்தாலும் என் வலது பாதியோடு சேராது. மறுபடியும் வளையம், மறுபடியும் லேத். எனக்குக் கிடைப்பது எண் மட்டும். அந்த எண்ணுக்காக, ஓடுகிற ஓர் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. ஒரு பல் செட்டைப் பத்து வருடம் போட்டவரிடமிருந்து வாங்கி, முதலில் எடுத்த அச்சில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. தப்பு செட்டில் இல்லை. அது வாய்க்குப் பழகிவிட்டது. எது சரி என்று வாயைக் கேட்க வேண்டும், அச்சை இல்லை. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், வண்டியில் போகும்போது நான் எண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கடனாகக் கேட்கலாமா, மழை முடிந்ததும் கேட்கலாமா என்று கணக்குப் போட்டேன். பாதை வளைந்து தென்னந்தோப்புக்குள் நுழைந்தபோது தூரத்தில் ஒரு தொழுவம் தெரிந்தது. அங்கே இருந்தவர்களுக்கு எங்கள் முகம் தெரியாத தூரம். வாசலில் முந்தானையில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெண், எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு என்னவென்று கேட்டேன். "வண்டிச் சத்தம் கேட்டுடுச்சு, வெந்நி வைங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கணக்குப் போடவில்லை. கயிற்றைப் பிடித்தேன். கன்று பின்னங்காலால் வந்தது. டாக்டரம்மா, "இழுங்க... இழுக்காதீங்க... இப்ப இழுங்க" என்று என்னை வறுத்தெடுத்தார். பசுங்கன்று. நெற்றியில் வெள்ளை. என் சட்டை போயே போய்விட்டது.

ஊருக்கு வந்த திங்கட்கிழமையே என் இரண்டு பாதிகளையும் லேத்காரரிடம் கொடுத்துவிட்டேன். "நம்பர் சேராது சார், பின்னால என்னைத் திட்டக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னார். நான்காம் தடவை சொல்வதற்குள் குடைய ஆரம்பிக்கச் சொன்னேன். நேற்றுக் காலை முழு இறுக்கம் இறுக்கி, கிராங்கை விரலால் தள்ளினேன். சுற்றியது. விட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. உன் தம்பி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மூணு வருஷம்?" என்றாள். ஆனால் அவளும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

நீ எழுதாமல் இருந்த இரண்டு மாதத்துக்கு உனக்கு ஒரு கும்பிடு.

பிரியமுள்ள,
தம்பி

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பல் செட் அத்தானுக்குக் கடித்தது ஒரே நாள்தான். இப்போது முறுக்கிய கயிற்றைக்கூடக் கடிப்பேன் என்கிறார்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பிறகு நீ திட்டுவாய் என்று தெரிந்தே ஒரு காரியம் செய்தேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிப்போ வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, அவரே குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அட கடவுளே! மனுஷன் தன்னோட சாமான் மேலயே உக்காந்துக்கிட்டு வந்து, என் மாட்டுக்குக் கயிறு பிடிச்சிட்டுப் போயிருக்காரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்கள்ல, அதான் கேக்கல" என்றேன்.

 அவர் ரப்பர் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரிக்கா, உங்க தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க. ரெண்டு வண்டியில எது முதல்ல படுக்குதோ, அது தன்னோட இடது பாதியை மத்ததுக்குக் குடுத்துடணும். பேச்சுன்னா பேச்சு. நீங்கதான் சாட்சி."

சாட்சி என்ற முறையில் எழுதுகிறேன். என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். கயிறு கடிக்கிற வேலையை நிறுத்தச் சொல்லி அத்தானிடம் சொல்; உத்தரவாதம் சோற்றுக்கும் கறிக்கும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிக்காரர்கள் கூடினார்கள். என் வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. எண் பார்க்க வந்தவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க இடது பாதி வேற வண்டியோடது. தெரியுமா?" என்று வருத்தத்தோடு கேட்டார். தெரியும் என்றேன். "உங்க சொந்தப் பாதி எங்கன்னு கண்டுபிடிக்க முடியலையா?" என்றார். கண்டுபிடித்துவிட்டேன், வேலையாக இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். தகடு எனக்கு இல்லை. பக்கத்து வண்டிக்காரர் வாங்கினார். நல்ல வண்டி, நானே கை தட்டினேன். எனக்கு வருத்தம் வரும் வரும் என்று சாயங்காலம் வரை பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

டாக்டரம்மாவிடம் சம்மதம் என்று சொல். இரண்டு இன்ஜின்களையும் இப்போது இருக்கிற பாதிகளுக்கு ஏற்பக் குடைந்தாகிவிட்டது. நாளைக்கு ஒன்று நின்று, அதன் பாதியை எடுத்து மற்றதில் போட்டால் சேராது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இருக்காது. அப்படியே இருக்கட்டும், சம்மதம் என்றே சொல்.

அடுத்த சனிக்கிழமை நானும் உன் தம்பி மனைவியும் வண்டியிலேயே புறப்பட்டு வருகிறோம். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி இன்ஜினை ஆறவிடுவோம், அதனால் மத்தியானம் ஆகிவிடும். டாக்டரம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டு வை. உங்கள் வாசலில் இருக்கிற பூந்தொட்டிகளைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல். இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

பிரியமுள்ள,
தம்பி